கடைசிக் கம்பத்து மின்னழுத்தம்

எங்கள் கிணறு, டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. சென்ற கோடையில் எங்கள் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் சுழலாமல் உறுமியபடியே நின்று, காயில் எரிந்தது. கரிந்த வாடையோடு வீட்டுக்கு வந்த அப்பா, "பிசிக்ஸ் படிக்கிறியே, இதுக்கு உங்க புஸ்தகத்துல ஒண்ணும் இல்லியா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பதில் சொல்லியாக வேண்டும்.

தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 400 வோல்ட் வேண்டிய இடத்தில் 320 வந்தால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. திருப்புவிசையோ 64 விழுக்காடாகிவிடுகிறது. கிளம்ப முடியாத மோட்டார் மின்னோட்டத்தை மட்டும் பல மடங்கு இழுக்கும். காயில் எரிவது அதனால்தான்.

டிரான்ஸ்பார்மரின் டேப்பை உயர்த்தலாமே என்று தோன்றும். செலவில்லாத வழிதான். ஆனால் மோட்டார்கள் ஓடாத வேளையில் முதல் கம்பத்து வீடுகளில் அழுத்தம் மிகுந்து பல்புகள் போகும். (அவர்கள் சண்டைக்கு வருவது உறுதி.) 11,000 வோல்ட் கம்பியைக் கிணறுகளின் அருகே கொண்டுவந்து சிறு டிரான்ஸ்பார்மர்கள் வைப்பது நல்ல தீர்வு, அதே திறனுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கே. அதற்கான பணமோ அதிகாரமோ நம்மிடம் இல்லை.

மிஞ்சுவது மின்தேக்கி, ஊரில் கப்பாசிட்டர் என்பார்கள். மோட்டார் தன் காந்தப்புலத்திற்காக வாங்கித் திருப்பித் தரும் மின்னோட்டமும் கம்பி வழியாகவே போய் வருகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலை மோட்டாரின் அருகிலேயே முடித்துவிடுகிறது மின்தேக்கி. பயனுறுதிறன் 80 விழுக்காடு, திறன் காரணி 0.75 எனக் கொண்டு கணக்கிட்டேன். எங்கள் மோட்டார் 9 ஆம்பியர் இழுக்கும். 2 கே.வி.ஏ.ஆர். மின்தேக்கி இணைத்தால் கம்பியில் 7.4 ஆம்பியர்தான். எல்லா மோட்டாருக்கும் இப்படிச் செய்தால், கம்பி சூடாகி வீணாகும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பெருமையோடு காட்டினேன். "நாம மாட்டினா நமக்கு வோல்டேஜ் ஏறுமா?" என்றார் அப்பா.

அங்கேதான் இடறினேன். எங்கள் ஒரு மோட்டாரால் குறையும் 1.6 ஆம்பியர், அந்தக் கம்பிக்குச் சிறு துளி. மேலும், உண்மையில் வேலை செய்யும் மின்னோட்டம் கம்பியின் மின்தடையால் உண்டாக்கும் வீழ்ச்சியை மின்தேக்கி தொடுவதே இல்லை. வழியிலுள்ள எல்லோரும் மாட்டினால்தான் கடைசிக் கம்பத்துக்கு ஓரளவு நன்மை. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். ஆகவே கட்டணம் குறையும் என்று ஆசை காட்டவும் வழியில்லை.

அப்பா ஒன்று வாங்கி மாட்டினார். பிறகு என் கணக்கு நோட்டோடு என்னையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு கிணறாக ஏறி இறங்கினார். ஒன்பது மோட்டார்களில் இதுவரை நான்கில் மாட்டியாயிற்று. முதல் கம்பத்துப் பெரியப்பா மட்டும், "பாக்கலாம்ப்பா" என்கிறார்.