விசைத்தெளிப்பான்: எந்த எஞ்சின் ஏற்றது?

முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான் வாங்கும் உழவர்கள் எஞ்சின் வகையைக் கவனிக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு ஒருமுறை சுழன்றாலே ஒரு விசை கிடைக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருமுறை சுழல வேண்டும். ஆகவே முன்னது எடை குறைந்தது. ஆனால் பெட்ரோல் செலவும் புகையும் அதிகம்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயே உராய்வைத் தடுக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். புதிய பிஸ்டனும் சிலிண்டரும் வாங்க நேரிடும். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லியும், 50:1 என்றிருந்தால் 20 மில்லியும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயைத் தனிக் கலத்தில் கலந்து ஊற்றுங்கள்.

தனி எண்ணெய் அறையுள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுடன் எண்ணெய் கலக்கக்கூடாது. தினமும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தபின் இயக்குங்கள்.

சுமை குறைய முன்னதையும், எரிபொருள் சிக்கனத்துக்குப் பின்னதையும் தேர்ந்தெடுக்கலாம்.