டீசல் வண்டியில் 'மிஸ்ஸிங்': பழுது எந்தச் சிலிண்டரில்?

மதுரையை ஒட்டிய கோச்சடை வழியாகச் செல்லும் மேலக்கால் சாலையில் விடியுமுன்பே சரக்கு வண்டிகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். துவரிமான், மேலக்கால், சோழவந்தான் பக்கத்திலிருந்து வாழை, தேங்காய், வெற்றிலை, காய்கறி முதலியன இவ்வழியே மதுரைக்கு வருகின்றன. முன்னர் மாட்டு வண்டி செய்த வேலையைச் சிறிய டீசல் வண்டிகள் இன்று செய்கின்றன. வண்டி வழியில் நின்றால் சரக்கு வாடும். அன்றைய விலையும் கைநழுவும்.

இவ்வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு 'மிஸ்ஸிங்'. இதற்காக நாசில், பில்டர், பம்பு என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை, அதற்குக் காரணம் எண்ணெயா, காற்றழுத்தமா என்பதை அறிந்த பின்னரே பாகம் வாங்க வேண்டும்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

டீசல் எஞ்சினில் பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்படுகிறது. அதனால் ஏற்படும் 500 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. தூவல் கெட்டாலோ, அழுத்தம் குறைந்தாலோ அந்தச் சிலிண்டர் எரியாது. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் கால்பங்கு வலிமை போகும். இரண்டு சிலிண்டர் வண்டியில் பாதி போய்விடும்.

எப்போது, என்ன புகை?

காலையில் மட்டும் மிஸ் அடித்து, சூடேறியதும் சரியானால் ஹீட்டர் பிளக்கையும் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால், பெரும்பாலும் டீசல் பில்டர் அல்லது ஏர் பில்டர் அடைப்பே காரணம். எப்போதும் ஒரே சீராக மிஸ் அடித்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் பழுது எனக் கொள்ளலாம்.

டீசல் வாடையுடன் வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமல் வெளியேறுகிறது. கரும்புகை காற்றுக் குறைவையோ, நாசில் ஒழுகலையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதற்கு அடையாளம். வெண்புகையுடன் ரேடியேட்டரில் நீரும் குறைந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

முதலில் பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும். அடுத்து டாங்கியிலிருந்து வரும் குழாய்களில் விரிசல், தளர்ந்த கிளிப் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அவ்வழியே காற்று நுழைந்தாலும் எஞ்சின் மிஸ் அடிக்கும். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வெளியேற்றினால் இக்குறை தீரும்.

சிலிண்டரைக் கண்டறிதல்

ஆறிய எஞ்சினை ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். பிறகு சைலன்சர் பக்கம் புகை வெளியேறும் ஒவ்வொரு கிளையிலும் இரண்டொரு துளி நீர் தெளிக்க வேண்டும். மற்றவற்றில் நீர் உடனே காய, ஒன்றில் மட்டும் தங்கி நின்றால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. இச்சோதனை எல்லா வகை வண்டிக்கும் ஏற்றது.

பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இரும்புக் குழாய் செல்லும் பழைய வகை வண்டியில் மற்றொரு சோதனையும் உண்டு. மெக்கானிக், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, நாசில் மேலுள்ள நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்றுத் தளர்த்துவார். நல்ல சிலிண்டரானால் ஓட்டம் தடுமாறும். மாற்றம் இல்லையெனில் பழுது அங்கேதான். அந்தக் குழாயில் டீசல் விட்டுவிட்டுப் பீறினால் பம்பு பெரும்பாலும் நலம். பிறகு எஞ்சினை நிறுத்தி, அந்த நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறும் உடன் சென்றால் நாசில் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, ரிங்கு ஆகியவற்றில் அழுத்தம் கசிகிறதா எனச் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிக்கேற்ற டீசல் வண்டிகள் 'காமன் ரெயில்' வகையைச் சேர்ந்தவை. அதற்கு முன் வந்த பல வண்டிகளிலும் இம்முறை உண்டு. எல்லா இரும்புக் குழாய்களும் ஒரே தடித்த குழாயிலிருந்து பிரிவதும், ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மின் இணைப்பு இருப்பதும் இதன் அடையாளம். இவ்வகையில் நட்டைத் தளர்த்தவே கூடாது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேலும் செல்லும். பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்வண்டிகளைக் கணினிக் கருவி உள்ள பட்டறையில் சோதிப்பதே முறை. இன்ஜெக்டர்களை இடம் மாற்றவும் கூடாது.

தள்ளிப்போட வேண்டாம்

ஒழுகும் நாசிலுடன் வண்டியை ஓட்டினால் டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக் கீழே இறங்கும். ஆயில் அளவு கம்பியில் மட்டம் உயர்ந்து, டீசல் வாடை வீசினால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். நாளடைவில் பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு யாவும் தேயும். ஒரு நாசிலோடு முடிய வேண்டிய செலவு முழு எஞ்சினையும் பிரிக்கும் செலவாகிவிடும்.

வாரம் ஒருமுறை பில்டர் நீரை வடித்தல், உரிய காலத்தில் பில்டர்களை மாற்றுதல், இரவில் டாங்கியைக் காலியாக விடாதிருத்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் இக்கோளாறுகளில் பலவற்றை வருமுன் தடுக்கலாம்.