பதறாத கைகள்

கதிரடிக்கும் இயந்திரத்திலும் புல் நறுக்கும் பொறியிலும் விரலை இழந்தோரை நம் கிராமங்களில் இன்றும் காண்கிறோம். துண்டான விரலை மீண்டும் பொருத்த இயலும் என்பதைப் பலர் அறிவர். அதனைச் செய்வோர் எவ்வாறு பயில்கின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே.

சென்னை மூலக்கொத்தளத்திற்கு அணித்தேயுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், 1971-ஆம் ஆண்டு டாக்டர் ஆர். வெங்கடசாமி கைச் சிகிச்சைக்கெனத் தனித்துறை ஒன்றைத் தோற்றுவித்தார். துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த அப்பகுதிக்கு அது மிகவும் வேண்டியதே.

விரலின் இரத்தக் குழாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதனை உருப்பெருக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்தல் வேண்டும். ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் இரத்தம் உறையும்; விரல் கருகும். நள்ளிரவில், நேரம் கடந்துகொண்டிருக்கையில், இதனைப் பதறாது செய்வது எங்ஙனம்? மனஉறுதி என்று கூறிவிடுவது எளிது. நாம் அதனை ஒப்புவதற்கில்லை. இக்கலை பயில்வோர் முதலில் ரப்பர்க் கையுறைத் துண்டினைத் தைக்கின்றனர். பின்னர் கோழிக்காலின் குழாய்களைத் தைக்கின்றனர். தையல் தவறினால் அறுத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அங்கே எவர் விரலும் போவதில்லை. சிறிதும் நடுங்காத கை எவருக்கும் இல்லையாதலால், மணிக்கட்டை ஊன்றி வேலை செய்யவும் பழகுகின்றனர். எலும்பு, தசைநாண், பின்னர் குழாயும் நரம்பும் என வேலையின் வரிசையும் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அடுத்தது யாதென அவ்வேளையில் தேடவேண்டியதில்லை.

ஆனால் விபத்து நேர்ந்த களத்தில் டாக்டர் இல்லை, நாம்தான் இருக்கிறோம். முறையாகக் குளிர்வித்த விரல் ஏறத்தாழ 24 மணி நேரம் வரையிலும் தாங்கக்கூடும். தசை மிகுந்த முன்கையோ குளிர்விக்காவிடில் சுமார் 6 மணி நேரமே தாங்கும். ஆகவே ஊர்க்கூட்டத்தில் ஒரு வெண்டைக்காயை விரலாகக் கொண்டு பழகிப் பார்க்கலாம். சிரிப்பு எழும்; எழட்டும். அதனைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்கவேண்டும். பனிக்கட்டி நேரே பட்டால் விரல் கெடும். ஒருவர் காயத்தைத் துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்கவேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்கவேண்டும். இன்னார் இன்னது செய்வதென அன்றே பிரித்துக்கொள்க. பனிக்கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.