பலன் காணாத பணிவிடை

தைத்திரீய உபநிஷதத்தில் ஓர் இடம் சிந்திக்கத்தக்கது. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளுமாறு ஆசாரியர் கட்டளையிடுவது சிறு பிள்ளைக்கு அன்று. கல்வியை முடித்து இல்லறம் நாடிச் செல்லும் மாணவனுக்கு. அவன் வீடு சேரும்போது பெற்றோர் முதுமையை நெருங்கியிருப்பர். தூக்கி உட்கார வைக்க வேண்டிய தெய்வங்களைப் பற்றியே ஆசாரியர் பேசுகிறார் போலும்.

கை கால் விளங்காமல் படுக்கையில் இருக்கும் முதியவருக்குச் செய்யும் பணிவிடையில் ஒரு தனிக் கடினம் உண்டு. குழந்தையை வளர்ப்பவர் நாளுக்கு நாள் வளர்ச்சியைக் காண்கிறார். இங்கோ, நேற்றுப் பிடித்த கரண்டியை இன்று பிடிக்க இயலாது போகிறது. கர்மயோகத்தைப் பற்றிச் சத்சங்கத்தில் கேட்பது எளிது. பலன் கண்ணெதிரே தேய்ந்துகொண்டே போகும் செயலில்தான் அது சோதிக்கப்படுகிறது. 1896-இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்த பகவான் ரமணர், 1922 மே 19 அன்று, நோயுற்ற அன்னையின் அருகில் அமர்ந்து ஒரு கையை அவர் நெஞ்சிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்திருந்தார். அன்னை அன்றிரவே அடங்கினார்.

இங்கே சாதனை என்பது மிகச் சிறிய செயல்கள்தாம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வருவது பெரிதும் குறையும். நிமிர்த்தி உட்கார வைத்த பின்னரே உணவூட்ட வேண்டும். படுத்தபடி ஊட்டினால் புரையேறும். தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். பிறர் கையால் கழுவப்படும் கூச்சம் அவருக்கு உண்டென்பதை மறவாதிருப்பதே பாதி பூஜை. நமக்குச் சலிப்பும் கோபமும் வரும். அதற்காகத் தன்னை நொந்துகொள்வதைவிட, அண்டை வீட்டாரிடம் சற்று ஒப்படைத்துவிட்டு வெளியே சென்று வருவது நலம்.

அண்டை வீட்டார் என்றதும் தில்லியின் மதராசி கேம்ப் நினைவுக்கு வருகிறது. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில், தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பு அது. பெண்கள் பலர் அருகிலுள்ள வீடுகளில் வேலை செய்தனர். வேலை செய்யும் இடம் நடை தூரத்தில் இருந்தால், மகள் நண்பகலில் வந்து தாய்க்குக் கஞ்சி ஊட்டிச் செல்லலாம். வர இயலாத நாளில் எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என அப்போது அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். ஒதுக்கப்பட்ட இடமோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நகரின் வடகோடியிலுள்ள நரேலா. அங்கிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வருபவர் நண்பகலில் வீடு திரும்ப முடியுமா?

ஆகவே பணிவிடையின் பொருளைச் செய்பவரின் உள்ளத்தில் மட்டும் தேடினால் போதாது. அன்பர்களுள் ஒருவர் வாரத்தில் ஒரு பிற்பகல் அத்தகைய வீட்டிற்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து, முதியவரிடம் ஊர்க்கதை கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் மகள் கொஞ்சம் தூங்குவாள்.