சீப்பு முதல் பெட்ரோல் கேன் வரை: நிலை மின்சாரக் குறிப்புகள்

1. ஏ.சி. அறையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீரென்று அடிக்கிறதா? செருப்பும் தரைவிரிப்பும் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் இடம் மாறும். மின்னூட்டம் புதிதாக உண்டாவதில்லை. இங்கே கூடினால் அங்கே குறைந்திருக்கும். உடம்பில் சேர்ந்தது உலோகம் கிடைத்ததும் ஒரே பாய்ச்சலில் இறங்குகிறது. சாவியைக் கையில் இறுகப் பிடித்து, அதன் நுனியால் முதலில் தொடுங்கள். பொறி சாவியில் விழும், விரல் தப்பும்.

2. காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தத் தொல்லை அதிகம். அறையை ஈரத்துணியால் துடைத்தாலே ஓரளவு குறையும்.

3. உலர்ந்த கூந்தலை பிளாஸ்டிக் சீப்பால் வாரினால், முடியிலிருந்து எலெக்ட்ரான்கள் சீப்புக்குப் போய்விடும். எல்லா முடிக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிப் பறக்கின்றன. மரச்சீப்பு நல்லது.

4. சிந்தெடிக் புடவை காலோடு ஒட்டுகிறதா? பருத்தி உள்பாவாடை கட்டுங்கள்.

5. நிலை மின்சாரம் நம் தோலுக்கு உறைக்கச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஓடும் மின்னூட்டம் மிகச் சொற்பம் என்பதால் நமக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரின் சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். மெமரி கார்டு மாற்றும்முன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

6. இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எதைத் தொட்டாலும் விறுவிறுவென்று இழுத்தால், நிலை மின்சாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிலை மின்சாரம் ஒரு முறை அடித்ததும் அடங்கிவிடும். கை வைத்திருக்கும்வரை இழுப்பது மின்கசிவு. உயிருக்கே ஆபத்து. மெஷினைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், அதற்கான செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

7. டி.வி. திரையை உலர்துணியால் அழுத்தித் தேய்த்தால் தூசி இன்னும் ஒட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, நன்றாகப் பிழிந்த மென்துணியால் லேசாகத் துடையுங்கள்.

8. பெட்ரோல் குழாயில் ஓடும்போதே மின்னூட்டம் ஏறும். கேனை வண்டிக்குள் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து நிரப்பினால், அது வெளியேற வழியின்றி கேனில் தங்கும்; ஒரு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும். எரிபொருளுக்கென்று செய்த கேனைத் தரையில் வைத்து, குழாய் முனை அதன் வாயைத் தொட்டபடியே மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கவே வேண்டாம்.

9. அமெரிக்கா போன்ற நாடுகளில் பெட்ரோலை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். நிரம்பும்வரை காருக்குள் போய் உட்காராதீர்கள். சீட்டில் உடை உரசி மின்னூட்டத்தோடு இறங்குவீர்கள். உள்ளே போக நேர்ந்தால், குழாயைத் தொடும்முன் சற்றுத் தள்ளிக் கார்க் கதவின் உலோகத்தை வெறுங்கையால் தொடுங்கள்.