ஒப்பிட்டு அறிவோம்: கிறிஸ்துவமும் பிற சமயங்களும்

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் அமைந்துள்ள ஜாலான் துருஸ் நீண்ட சாலையன்று. ஆயினும், அச்சாலையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. ஐந்து சீன வட்டாரமொழிக் குழுவினரின் ஐந்து தெய்வங்கள் ஒரே கூரையின்கீழ் வீற்றிருக்கும் பழைய சீனக் கோவில் அங்குள்ளது. சீக்கியரின் குருத்துவாரா, 1911-ஆம் ஆண்டு தோன்றிய அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம், 1883-ஆம் ஆண்டைச் சேர்ந்த அமலோற்பவ மாதா தேவாலயம், இந்தியப் பள்ளிவாசல் ஆகியவையும் அருகிலேயே உள்ளன. இதனால் அச்சாலையை ‘நல்லிணக்கத் தெரு’ என்றும் அழைப்பர்.

கட்டடங்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றினுள் போதிக்கப்படும் கொள்கைகளும் அவ்வாறே நெருக்கமானவையா? இவ்வினாவிற்கு இரண்டு எளிய விடைகள் கூறப்படுவதுண்டு. ‘எல்லாச் சமயங்களும் ஒன்றுதான்’ என்பது ஒன்று. ‘ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஆராயாமல் கூறப்படும் விடைகளாகும். கிறிஸ்துவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைப் பிற சமயங்களோடு ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

ஒப்பிடும் முறை

சுவீடன் நாட்டு இறையியல் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-ஆம் ஆண்டு பிற சமயங்களை அறிவதற்கு மூன்று நெறிகளை முன்வைத்தார். முதலாவது, ஒரு சமயத்தைப் பற்றி அச்சமயத்தைப் பின்பற்றுவோரிடமே கேட்டறிய வேண்டும். அதன் எதிர்ப்பாளர்களிடம் கேட்கக்கூடாது. இரண்டாவது, நம் சமயத்தின் சிறப்பைப் பிற சமயத்தின் குறையோடு ஒப்பிடக்கூடாது. மூன்றாவது, நம்மிடமும் இருந்திருக்கலாமே என்று ஏங்கத்தக்க ஒன்றைப் பிற சமயத்தில் காண மனத்தில் இடம் வைத்திருக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இத்தகைய முயற்சி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துள்ளது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியச் சமயத்தொண்டர் சீகன்பால்கு, கிறிஸ்துவத்தைப் பரப்பவே வந்தவர். எனினும், தமிழர் என்ன நம்புகின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய விரும்பினார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழரும் அனுப்பிய வினாக்களுக்குத் தமிழர்கள் கடிதங்கள் வாயிலாக விடையளித்தனர். அக்கடிதங்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு அச்சேறின. 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூலோ 1867-ஆம் ஆண்டில்தான் அச்சானது. பிறரை அறிய முயன்ற அந்நூல் வெளிவர ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேலாயிற்று.

இறைவன் ஒருவனா?

கிறிஸ்துவம் கடவுள் ஒருவரே என்று போதிக்கிறது. அதே வேளையில் அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் விளங்குகிறார் என்றும் கூறுகிறது. இதனைக் கத்தோலிக்கர் ‘மூவொரு கடவுள்’ என்பர். பிற சபையினர் ‘திரித்துவம்’ என்பர். கி.பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கொன்ஸ்தாந்திநோபிலிலும் கூடிய திருச்சங்கங்கள் இக்கோட்பாட்டிற்கு வடிவம் தந்தன. ‘கிறிஸ்துவர் மூன்று கடவுளரை வணங்குகின்றனர்’ எனக் கூறினால் எந்தக் கிறிஸ்துவரும் அதனை ஏற்கமாட்டார்.

இஸ்லாத்தின் அடித்தளம் தவ்ஹீத் எனும் ஓரிறைக் கொள்கையாகும். அல்லாஹ் ஒருவன், அவனுக்கு இணையில்லை, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது முஸ்லிம்களின் உறுதியான நம்பிக்கை. ஆதலால், ‘இறைமகன்’ என்ற கருத்தை இஸ்லாம் ஏற்பதில்லை. சீக்கியரின் திருநூலான குரு கிரந்த் சாஹிப்பும் இறைவன் ஒருவனே என்ற முழக்கத்தோடுதான் தொடங்குகிறது.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்று உண்மைகளைப் பேசுகிறது. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டும் தளை. பதி ஒருவனே என்பதும் அதன் முடிபு. ஆனால், உயிர்கள் இறைவனால் படைக்கப்பட்டவையல்ல. அவை என்றும் உள்ளவை என்று அது கருதுகிறது. கிறிஸ்துவமும் இஸ்லாமும் உயிர்களை இறைவனின் படைப்பாகவே காண்கின்றன. புத்த சமயமோ படைப்புக் கடவுளைத் தன் போதனையின் மையத்தில் வைக்கவில்லை; துன்பத்திற்குரிய காரணத்தையும் அதிலிருந்து விடுபடும் வழியையும் மையமாக்கியது.

இயேசு யார்?

கிறிஸ்துவத்தைப் பிற சமயங்களினின்று பிரித்துக் காட்டும் முதன்மையான வினா இதுவே. கடவுளே மனிதராகப் பிறந்தார். அவர் முழுமையாகக் கடவுளும் முழுமையாக மனிதருமாவார். சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்துவ நம்பிக்கை. இந்நிகழ்வு வரலாற்றில் ஒரே முறை நடந்தது என்று கிறிஸ்துவர் கருதுகின்றனர்.

இஸ்லாத்தில் அவர் ஈசா நபி எனப் போற்றப்படுகிறார். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் அவருடைய அன்னை மர்யமின் பெயரைத் தாங்கியுள்ளது. தந்தையின்றிக் கன்னியிடம் அவர் பிறந்தார் என்பதை இரு சமயத்தாரும் நம்புகின்றனர். ஆயினும், அவர் இறைத்தூதரே அன்றி இறைவன் அல்லர் என்பதும், அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பதும் இஸ்லாத்தின் நிலைப்பாடு.

கடவுள் மண்ணில் பிறப்பது என்றவுடன் தமிழ் மாணவருக்குத் திருமாலின் அவதாரங்கள் நினைவுக்கு வரலாம். அறம் குன்றும்போதெல்லாம் திருமால் அவதரிக்கிறார் என்பது வைணவ நம்பிக்கை; அவதாரங்கள் பல. கிறிஸ்துவம் ஒரே பிறப்பைப் பேசுகிறது. மேலும், அறத்தை நிலைநாட்டுவது அவதாரத்தின் நோக்கம். மனிதரின் பாவத்திற்காகத் தம்மையே பலியாக்குவது இயேசுவின் நோக்கம் எனக் கிறிஸ்துவர் விளக்குவர். சைவ சித்தாந்தமோ சிவபெருமான் கருவில் தங்கிப் பிறப்பதில்லை என்கிறது. இந்த ஒரு செய்தியில் சைவம் வைணவத்தைவிட இஸ்லாத்திற்கு அருகில் நிற்கிறது. ஒற்றுமைகள் நாம் எதிர்பாராத இடங்களிலும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

விடுதலைக்கு வழி

மனிதனின் அடிப்படைச் சிக்கல் என்ன என்பதிலும் சமயங்கள் வேறுபடுகின்றன. கிறிஸ்துவம் பாவம் என்கிறது. சைவம் ஆணவம், கன்மம், மாயை எனும் மும்மலம் என்கிறது. புத்தம் வேட்கை என்கிறது. சீக்கியம் ‘நான்’ எனும் அகந்தை என்கிறது. பிறவிப் பாவம் என்ற கருத்தை இஸ்லாம் ஏற்பதில்லை. மனிதன் மறதியாலும் பலவீனத்தாலும் வழி தவறுகிறான், இறைவழிகாட்டலை ஏற்றுப் பாவமன்னிப்புத் தேடினால் இறைவன் மன்னிப்பான் என்கிறது.

இதிலிருந்து விடுபடுவது மனித முயற்சியாலா, இறையருளாலா? இவ்வினா ஒவ்வொரு சமயத்தின் உள்ளேயும் விவாதிக்கப்பட்டுள்ளது. தமிழ் வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியை உவமை காட்டினர். தாய்க்குரங்கு தாவும்போது குட்டிதான் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினர். தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விச் செல்லும். குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் 1517-ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்திலும் ஏறக்குறைய இதே வினா எழுந்தது. மனிதர் மீட்படைவது அருளை ஏற்கும் நம்பிக்கையால் மட்டுமா, நற்செயல்களுக்கும் அதில் பங்குண்டா என்று கிறிஸ்துவர் பிளவுபட்டனர். 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இக்கோட்பாடு குறித்துக் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. மீட்பு இறையருளால் வருவது, நற்செயல்கள் அதன் கனிகள் என அடிப்படையில் உடன்பாடு கண்டன.

மறுமை பற்றிய எண்ணங்களும் வேறுவேறானவை. இந்து, புத்த, சீக்கிய சமயங்கள் மறுபிறப்பை ஏற்கின்றன. கிறிஸ்துவமும் இஸ்லாமும் ஒரே வாழ்வு, பின்னர் உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு என்று போதிக்கின்றன.

ஒரே சொல், வேறு பொருள்

சமயங்கள் தமிழில் பேசும்போது சொற்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான கிறிஸ்துவத் தமிழ் நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் என்பது சைவர்க்கும் நன்கு பழகிய சொல். ‘வேதம்’ என்னும் சொல் இந்துக்களுக்கு இருக்கு முதலிய நான்கையும், கிறிஸ்துவருக்கு விவிலியத்தையும் குறிக்கும். கத்தோலிக்க முதியோர் இன்றும் திருப்பலியைப் ‘பூசை’ என்று வழங்குவர். ‘அருள்’ எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு.

சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென எண்ணிவிடக்கூடாது. ‘மோட்சம்’ என்று இந்து கூறும்போது பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைக் குறிக்கிறார். அதே சொல்லைக் கிறிஸ்துவர் கூறும்போது கடவுளோடு வாழும் விண்ணுலக வாழ்வைக் குறிக்கிறார். ஒப்பிடுவோர் இச்சொற்களின் முன் சற்று நின்று பொருளைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

அறிவதனால் ஆகும் பயன்

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய மக்களில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 18.7 விழுக்காட்டினர் புத்த சமயத்தினர், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்துவர், 6.1 விழுக்காட்டினர் இந்துக்கள். இத்தகைய நாட்டில் பிற சமய அறிவு அன்றாடத் தேவையாகும். கோவிலில் தரும் பிரசாதத்தைக் கிறிஸ்துவ நண்பரோ முஸ்லிம் நண்பரோ பணிவோடு மறுக்கலாம். பிற தெய்வத்திற்குப் படைத்த உணவை உண்ணலாகாது என்பது அவருடைய நம்பிக்கையாக இருக்கலாம்; அது அவமதிப்பன்று. தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வழங்கும்போது இந்து மாணவர் இருக்கையிலேயே அமர்ந்திருப்பதும் தவறன்று. அது கிறிஸ்துவின் உடல் எனக் கத்தோலிக்கர் நம்புவதால், திருமுழுக்குப் பெற்று நம்பிக்கையில் இணைந்தவர்க்கே அதனை வழங்குவர். குருத்துவாராவின் லங்கர் எனும் பொது உணவோ எச்சமயத்தாருக்கும் உரியது. அங்குத் தரையில் அமர்ந்து அனைவரும் ஒன்றாக உண்பதே நோக்கம். காரணம் தெரிந்தால் மனத்தாங்கல் எழாது.

1970 ஆகஸ்ட் 31-இல் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். ‘எல்லாம் ஒன்றே’ என்று கூறி நண்பரின் நம்பிக்கையிலுள்ள தனித்தன்மையை அழிப்பது அந்நம்பிக்கைக்கு மதிப்பளிப்பதாகாது. தன் நம்பிக்கையில் ஊன்றி நின்றவாறே, ‘நீங்கள் இதனை எவ்வாறு புரிந்துகொள்கிறீர்கள்?’ என்று கேட்பவரே நல்லிணக்கத்திற்கு உண்மையான அடித்தளம் இடுகிறார்.

அருஞ்சொற்பொருள்

தளை – கட்டு
முடிபு – முடிவான கொள்கை
வேட்கை – பேராசை, தீரா விருப்பம்
மனத்தாங்கல் – மனவருத்தம்

கருத்துணர் வினாக்கள்

1. ஸ்டெண்டால் முன்வைத்த மூன்று நெறிகளை எழுதுக.
2. இயேசுவைப் பற்றிக் கிறிஸ்துவமும் இஸ்லாமும் கொண்டுள்ள ஓர் ஒற்றுமையையும் இரண்டு வேற்றுமைகளையும் குறிப்பிடுக.
3. குரங்குக் குட்டி, பூனைக்குட்டி ஆகிய உவமைகள் எக்கருத்துகளை விளக்குகின்றன?
4. ‘எல்லாச் சமயங்களும் ஒன்றுதான்’ என்று கூறும் நண்பருக்கு நீ எவ்வாறு விடையளிப்பாய்? பகுதியிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டி விளக்குக.