பேசாச் சர்வரின் நாடி

மனிதர் ஒருவர் வாய் திறவாது கிடப்பாராயின், அவர் இறந்துபட்டார் என்று எவரும் உடனே துணிவதில்லை. மருத்துவர் முதற்கண் கையைப் பற்றி நாடி பார்ப்பர். கணிப்பொறி ஒன்று வாய் மூடிவிட்டாலோ நாம் செய்வது வேறு; மின்விசையை நிறுத்தி மீண்டும் இயக்கிவிடுகின்றோம். பொறி பெரும்பாலும் எழுந்துவிடும். அது வீழ்ந்த காரணமோ விளங்காமலே போகும். அங்ஙனமின்றிப் பேசாப் பொறியின் நாடியைப் பார்க்கும் முறை ஒன்றினை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாய் அமைந்தது சென்ற பருவத்து நிகழ்ச்சி ஒன்று. நூல்நிலையத்துப் பழைய தமிழ் நூல்களுக்கு அட்டவணை எழுதும் பணியில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாமும் ஈடுபட்டிருந்தோம். ஒருநாள் பிற்பகல், அவ்வட்டவணை தங்கும் சர்வர் மறுமொழி தருவதை நிறுத்திவிட்டது. காலை முதல் எழுதிய 300 குறிப்புக்கள் வட்டில் பதிந்தனவோ, நினைவகத்திலேயே நின்றனவோ அறியோம். மின்விசையை நிறுத்தக் கை நீட்டினோம். பொறிகளைக் கண்காணிக்கும் பெரியவர் தடுத்து, “பொறுங்கள் தம்பி; அது சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்” என்று கூறி, ஒரு மெல்லிய கேபிளைக் கொணர்ந்தார்.

நிற்க. சர்வர் என்பது பலர்க்கும் ஒருங்கே பணி செய்யும் கணிப்பொறி. அதனோடு நாம் பேசுவது பெரும்பாலும் வலையமைப்பின் வழியாகவே. அவ்வழி அகலமானது, ஆயினும் கருவிகளும் நிரல்களும் பல சேர்ந்து நடத்துவது. அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் வழி அடைபடும். சீரியல் வாயிலோ ஒற்றையடிப் பாதை. எழுத்துக்கள் பிட்டுக்களாய், ஒன்றன்பின் ஒன்றாய், ஒரே கம்பியில் செல்லும். ஆர்.எஸ்.-232 என்னும் இதன் விதி 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒன்பது ஊசிகளையுடைய இவ்வாயிலைச் சர்வர்கள் பலவற்றின் பின்புறத்தே இன்றும் காணலாம். இரண்டாம் ஊசி கேட்பது, மூன்றாவது பேசுவது. இரு பொறிகளை நேரே இணைக்குங்கால், ஒன்றன் வாய் மற்றதன் செவியோடு பொருந்துமாறு மாற்றிக் கட்டிய கேபிளே வேண்டும்.

இரு பக்கமும் ஒரே வேகத்திற் பேசுதலும் இன்றியமையாதது. நொடிக்கு 9,600 பிட் என்பது பழைய வழக்கு. 1,15,200 பிட் இன்று பெருவழக்கு. எழுத்தொன்றுக்கு 8 பிட்டும், தொடக்கமும் முடிவும் காட்ட 2 பிட்டுமாகப் பத்துச் செலவாதலின், முன்னதில் நொடிக்கு 960 எழுத்துக்களே வரும். நத்தை நடைதான், எனினும் நோயாளி சொல்லும் இரண்டொரு சொற்களைக் கேட்க அது போதும்.

கேபிளை இணைத்தபின் எண்டர் விசையை ஒருமுறை அழுத்துக. கிடைக்கும் விடை நால்வகைப்படும். முதலாவது, லாகின் கேட்கும் வரி தோன்றுதல்: பழுது பெரும்பாலும் வலையமைப்பின் பக்கம். இரண்டாவது, பொருளற்ற குறிகள் தோன்றுதல்: பொறி பேசுகின்றது, வேகந்தான் பொருந்தவில்லை. மூன்றாவது, அறிவிப்பு வரிகள் வந்தும் லாகின் வாராமை: இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் உயிரோடுளது, அதன்மேல் ஓடும் நிரல்களே திக்குமுக்காடுகின்றன. நினைவகம் தீர்ந்தது என்றோ, வட்டினைப் படிக்க இயலவில்லை என்றோ அவ்வரிகளே கூறும். நான்காவது, முழு மௌனம். இதுகொண்டும் பொறி இறந்தது என்று முடிவு கட்டலாகாது. கேபிள் தவறியிருக்கலாம், அல்லது அவ்வாயிலிற் பேசுமாறு பொறிக்கு முன்னரே கட்டளை இடப்படாதிருக்கலாம்.

எம் சர்வர் மூன்றாம் வகையினது. நினைவகம் தீர்ந்தது என்னும் அறிவிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. லினக்ஸ் பொறியாதலின், பெரியவர் ‘பிரேக்’ என்னும் குறியை அனுப்பி, 5 நொடிக்குள் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினார். கெர்னல் நினைவகக் கணக்கைக் காட்டிற்று. இவ்வாறே ‘எஸ்’ எழுத்தால் நினைவகத்தில் நின்றவற்றை வட்டில் எழுதுவித்து, ‘யு’ எழுத்தால் வட்டினைப் படித்தற்கு மட்டும் உரியதாக்கி, ‘பி’ எழுத்தால் மீண்டும் தொடங்குவித்தார். பொறி எழுந்தபோது, இறுதியில் எழுதிய நான்கு குறிப்புக்கள் நீங்கலாக ஏனைய யாவும் இருந்தன. நூற்பக்கப் படங்களைச் சுருக்கும் நிரல் ஒன்றே நினைவகத்தை விழுங்கியது என்பதும், வந்த வரிகளால் வெளிப்பட்டது. அதற்கு அளவு விதித்தபின் அந்நோய் திரும்பவில்லை. மின்விசையை நிறுத்தியிருப்பின், குறிப்புக்களையும் இழந்து, மறுநாளும் அதே நோயைக் கண்டிருப்போம்.

ஆயின் இம்முறை வருமுன் காப்போர்க்கே பயன்படும். பொறி தொடங்குங்கால் அறிவிப்புக்களைச் சீரியல் வாயிலுக்கும் அனுப்புமாறும், பிரேக் குறிக்குச் செவிசாய்க்குமாறும் முன்னரே கட்டளையிடல் வேண்டும். கேபிள் இணைக்குமுன் பேசியவை அதன்வழித் திரும்ப வாராவாதலின், வேறொரு சிறு பொறியை எஞ்ஞான்றும் செவியாக நிறுத்தி, வருவனவற்றை எழுதிவைத்தல் நன்று. இவ்வாயில் பகைவர்க்கும் வாயிலாதலின், அறையைப் பூட்டி வைத்தலும் கடன்.

லினக்ஸில் இவ்வாயிலின் பெயர் ‘டிடிஒய்எஸ்’ எனத் தொடங்கும். அதில் வரும் ‘டிடிஒய்’, தட்டச்சுத் தந்திப் பொறியாகிய டெலிடைப் என்பதன் குறுக்கம். அப்பொறி வழக்கொழிந்தும் பெயர் நிலைத்தது. அதற்கென அமைந்த குறுகிய வழியும், அகன்ற வழிகள் அடைபட்ட வேளையில் நமக்கு உதவுகின்றது. ஆகவே, மாணவ நண்பர்காள், பொறி பேசாதபோது மின்விசையிற் கை வைக்குமுன், அதன் நாடியில் கை வைப்போமாக.